காணி விற்காமல் பிஎச்டி: யாழ்ப்பாணத்துப் பொறியியல் மாணவரும் பெற்றோரும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் கோண்டாவிலில் பிறந்தவள். பேராதனையில் குடிசார் பொறியியல் படித்துவிட்டு, அமெரிக்காவில் நிலத்தடி நீர் பற்றி ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் போவதற்குள் யாராவது ஒரு தம்பியோ தங்கச்சியோ பெறுபேற்றுத் தாளோடு முன்விறாந்தையில் வந்து இருப்பார்கள். பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ கூட வந்திருப்பார்கள். கேள்விகள் வருடா வருடம் அநேகமாக ஒன்றுதான். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்க இயலாதவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, வெளிநாட்டில பிஎச்டி செய்ய எவ்வளவு காசு வேணும்? அப்பா காணியை ஈடு வைக்கலாமோ எண்டு யோசிக்கிறார்.

வைக்க வேண்டாம். முதலில் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் "வெளிநாட்டுப் படிப்பு" என்றால் ஒரே படம்தான் மனதில் வருகிறது. ஏஜென்சிக்குக் கட்டும் காசு, வங்கியில் காட்டும் காசு, முதலாம் தவணைக் கட்டணம். அது பெரும்பாலும் பாடநெறி முதுமாணிக்குப் போகும் பாதை. அங்கே பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் கட்டணம் செலுத்துகிறவர். ஆய்வுப் பட்டத்தில் காசு மறுபக்கமாகப் பாய்கிறது. ஒரு பேராசிரியர் ஒரு திட்டத்துக்குப் பணம் பெற்றிருக்கிறார். அந்த வேலையைச் செய்ய அவருக்கு ஆள் தேவை. அந்த ஆள் நீங்கள். உங்களுடைய பாடக் கட்டணத்தை அவருடைய திட்டமோ பல்கலைக்கழகமோ பொறுப்பெடுக்கும். மாதாமாதம் உங்களுக்கு ஒரு கொடுப்பனவும் வரும்.

அமெரிக்காவில் இதற்கு ஆய்வு உதவியாளர், கற்பித்தல் உதவியாளர் என்று இரண்டு பெயர். முன்னவர் பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் வேலை செய்வார். பின்னவர் இளமாணி மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுப்பார், விடைத்தாள் திருத்துவார். ஜேர்மனி, நெதர்லாந்து, சுவீடன், நோர்வே போன்ற நாடுகளில் பொறியியல் பிஎச்டி பெரும்பாலும் ஒப்பந்தத்தோடு கூடிய வேலை. சம்பளச் சிட்டை வரும், வரி வெட்டுவார்கள், ஓய்வூதியத்துக்கும் பணம் போகும்.

அதனால் ஒரு கடுமையான விதி சொல்கிறேன். அனுமதிக் கடிதத்தில் கட்டண விலக்கும் மாதக் கொடுப்பனவும் எழுத்தில் இல்லாவிட்டால், பொறியியல் பிஎச்டிக்குப் போகாதீர்கள். "முதல் வருடம் சொந்தக் காசில் வா, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லும் இடத்துக்கும் போகாதீர்கள். பிறகு பார்க்கப்படாமல் நடுவில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

செலவு அடியோடு இல்லை என்று சொல்லமாட்டேன். விண்ணப்பக் கட்டணம், ஆங்கிலப் பரீட்சை, விசா, விமானச் சீட்டு, முதல் மாத வாடகை இருக்கின்றன. 2022இல் ரூபாய் விழுந்தபோது ஒரு விண்ணப்பக் கட்டணமே சில வீடுகளில் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவாகிவிட்டது. கட்டண விலக்குத் தரும்படி பட்டதாரிக் கற்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பல இடங்களில் தருகிறார்கள், கேட்பதில் வெட்கமில்லை. ரொரன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் மாமா, சித்தியிடம் உதவி கேட்பதென்றால் இந்தச் சில்லறைச் செலவுகளுக்குக் கேளுங்கள். அது திருப்பிக் கொடுக்கக்கூடிய கடன்.

எனக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் இல்லை, செக்கண்ட் அப்பர்தான். கதை முடிஞ்சுதோ?

முடியவில்லை. ஆனால் பாதை மாறுகிறது. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் புலமைப்பரிசிலுக்குப் புள்ளிகளை வரிசைப்படுத்திப் பார்ப்பது அதிகம். அங்கே இரண்டாம் வகுப்பு மேல்நிலையோடு நேரே போட்டியிடுவது கடினம். முதலில் ஆய்வு முதுமாணி ஒன்று செய்து, ஒரு கட்டுரையும் கையில் இருந்தால் நிலைமை வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு பேராசிரியர் உங்களை வேண்டும் என்று நினைத்தால் அவருடைய சொல்லுக்குப் பெறுமதி உண்டு.

எந்தப் பாடத்தில் புள்ளி குறைந்தது என்பதையும் பார்ப்பார்கள். முதலாம் வருடத்தில் விழுந்து நான்காம் வருடத்தில் எழுந்த பெறுபேற்றுத் தாள் தன் கதையைத் தானே சொல்லும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: புள்ளி அளவுகோல் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒன்றல்ல. உங்கள் அளவுகோல் எதுவென்று விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள்.

நான் கிளிநொச்சி பொறியியல் பீடம். யாழ் பல்கலைக்கழகத்தின்ர பேரை அங்க ஆருக்குத் தெரியும்?

பலருக்குத் தெரியாது. பேராதனையையும் பலருக்குத் தெரியாது. இதைக் கேட்டு நீங்கள் ஆறுதல் அடைய வேண்டும்.

அறிவியல்நகரில் உங்கள் பீடம் முதல் அணியை எடுத்தது 2014இல். பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் இருப்பதுபோல உலகமெங்கும் பரந்த பழைய மாணவர் வரிசை உங்களுக்கு இன்னும் வளரவில்லை. அது உண்மையான குறை. ஒரு மொறட்டுவைப் பெடியன் போகிற ஆய்வுகூடத்தில் அவனுடைய சீனியர் ஒருவர் ஏற்கெனவே இருப்பார். பேராசிரியருக்கு அந்தப் பெயர் பழகியிருக்கும். நீங்கள் போகிற இடத்தில் அநேகமாக நீங்கள்தான் முதல் ஆள்.

பட்டத்தின் தரம் பற்றிக் கேட்டால் சொல்ல ஒரு விடை இருக்கிறது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பானது. அந்த உடன்படிக்கையின் கீழ் தரச்சான்று பெற்ற நான்கு வருடப் பொறியியல் பட்டங்களை மற்ற உறுப்பு நாடுகள் தம்முடையவற்றுக்குச் சமமாக மதிக்கின்றன. உங்களுடைய துறைக்கும் உங்களுடைய அணிக்கும் அந்தச் சான்று உண்டா என்று நிறுவகத்தின் பட்டியலில் பாருங்கள்.

அதற்கு மேல் பெயர் வேலை செய்யாது. நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள் என்பதுதான் வேலை செய்யும்.

எங்கட ஊரில இருந்து போய் ஆராவது பெரிசாச் செய்திருக்கினமோ? சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதேங்கோ.

வடமராட்சியில் பிறந்து, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த அழகையா துரைராஜாவைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்குத் துணைவேந்தர் துரைராஜாவைத் தெரியும். 1988 முதல் 1994 வரை, மிக மோசமான யுத்த காலத்தில், யாழ் பல்கலைக்கழகத்தைக் கொண்டு நடத்தியவர். அவர் ஆய்வு மாணவனாக என்ன செய்தார் என்பது எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. எனக்கு அதுதான் வருத்தம்.

அவர் கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ என்ற பேராசிரியரின் குழுவில் மண்ணியல் பொறிமுறை செய்தார். உருளை வடிவக் களிமண் மாதிரி ஒன்றைச் சுற்றிலும் நீரழுத்தம் கொடுத்து, மேலிருந்து மெல்ல அமுக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. களிமண்ணிலும் மணலிலும் அப்படிச் செய்த பரிசோதனைகளின் தரவை எடுத்து, அமுக்கும்போது செலுத்தும் சக்தியில் எவ்வளவு மண்ணுக்குள் உராய்வாக அழிந்துபோகிறது என்று அவர் கணக்குப் பார்த்தார். கணக்கு ஆச்சரியமான எளிமைக்குள் அடங்கியது. துணிக்கைகள் சராசரியாகத் தாங்கும் அழுத்தம், மண் எவ்வளவு சறுக்கி உருமாறுகிறது, ஓர் உராய்வு மாறிலி. இந்த மூன்றும் போதுமாக இருந்தது. அந்தக் கண்டுபிடிப்பை அடியாக வைத்து 1963இல் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவரும் 'ஜியோடெக்னிக்' ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கேம்பிரிட்ஜில் ஓடும் கேம் ஆற்றின் பெயரால் 'கேம் கிளே' என்று அழைக்கப்படும் கணித மாதிரி அப்படிப் பிறந்தது. ஓர் அணைக்கட்டின் கீழோ நெடுஞ்சாலைக் கரையின் கீழோ மென்மையான களிமண் எவ்வளவு இறங்கும் என்று இன்று கணினியில் கணிக்கும் பொறியியலாளர்கள் பலர் அந்த மாதிரியையோ அதன் பிள்ளைகளையோ பயன்படுத்துகிறார்கள்.

நான் அமெரிக்காவில் முதலாம் வருடம் மண்ணியல் பாடம் எடுத்தபோது, கரும்பலகையில் அந்த மூன்று பெயர்களையும் விரிவுரையாளர் எழுதினார். மூன்றாவது பெயரை அவரால் உச்சரிக்க முடியவில்லை. நான் கை உயர்த்திச் சொல்லிக் கொடுத்தேன். அந்த வகுப்பில் நான் முதன்முதலாக வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

கவனித்துப் பாருங்கள். தரவை எடுத்தவர்கள் பலர் இருந்திருக்கலாம். சக்தி எங்கே போகிறது என்று கேட்டவர் அவர்.

சரி, அப்பிடி ஒரு கேள்விக்கு நான் எங்க போறது? எங்கட ஆய்வுகூடத்தில மெசினே இல்லை.

கிணற்றடிக்குப் போங்கள்.

இதைச் சும்மா சொல்லவில்லை. என்னுடைய பாதை அங்கேதான் தொடங்கியது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மழை ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டும். அது சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழேயிருக்கும் உப்புநீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கும். எங்கள் கிணறுகள் எல்லாம் அந்த வில்லையில் ஊன்றி நிற்கின்றன. கடல்நீர் நன்னீரைவிடச் சற்றுத்தான் பாரம் கூடியது, 1000க்கு 1025 என்ற அளவில். அந்தச் சிறிய வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் நின்றால் கீழே கொள்கையளவில் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள்: மோட்டர் போட்டு இறைத்து நீர்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் இறக்கினால், உப்புநீர் எல்லை காலப்போக்கில் 4 மீற்றர் மேலே ஏறும்.

இந்தக் கணக்கை மூன்றாம் வருடத்தில் படித்தபோது எனக்கு இரவு நித்திரை வரவில்லை. எங்கள் வளவுக் கிணறு நல்ல தண்ணீர். நாலு வீடு தள்ளிப் பெரியம்மாவின் கிணறு சவர். ஏன்? இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்கு அதையே எடுத்தேன். பல்கலைக்கழகத்தில் இரவல் வாங்கிய, தண்ணீரின் உப்பைக் காட்டும் ஒரு கடத்துதிறன் மானி, ஓர் அளவு நாடா, அண்ணாவின் சைக்கிள். கோண்டாவில், உரும்பிராய், இணுவில் பக்கம் வீடு வீடாகப் போய்க் கிணற்றைத் திறக்கச் சொல்லி அளந்தேன். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை. சில கிணறுகளில் மட்டம் ஏறியும் உப்புக் குறையவில்லை. அதற்கு அப்போது என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் இல்லாத அந்தப் பக்கத்தைத்தான் பின்னர் பேராசிரியர் கேட்டுக் கேட்டு வாசித்தார்.

நீர் உங்களுடைய துறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உரமும் மலக்குழியும் சேர்ந்து நிலத்தடி நீரில் நைத்திரேற்றை ஏற்றுவது இரசாயனப் பொறியியல். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குப் பரிந்துரைக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதை மலிவாக அகற்றுவது எப்படி என்பது இன்னும் திறந்த கேள்வி. மன்னாரிலும் பளையிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. காற்று விழும் நேரத்தில் மின்வலையமைப்பு எப்படித் தாங்குகிறது என்பது மின் பொறியியல். உப்புக் காற்றில் கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடிப்பதைக் காங்கேசன்துறைக் கரையோர வீடுகளில் கண்ணால் பார்க்கலாம். மெசின் இல்லை என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எப்ப தொடங்கவேணும்?

அமெரிக்காவுக்கு, படிப்புத் தொடங்கும் ஆவணிக்கு முந்திய மார்கழி முதல் இரண்டு கிழமைக்குள் பல இடங்களில் விண்ணப்பம் முடியும். அப்படியென்றால் ஆங்கிலப் பரீட்சை புரட்டாதிக்குள், பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் ஆவணி, புரட்டாதியில், சிபாரிசுக்கு ஆட்களைக் கேட்பது ஐப்பசியில். நிதியுதவிக்குப் பதில் சொல்லப் பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை நேரம் தரும். அதற்கு முன் நெருக்கினால் பயந்து ஒப்புக்கொள்ள வேண்டாம். மற்ற நாடுகளில் வருடம் முழுக்க இடங்கள் திறக்கும்.

கடவுச்சீட்டை இப்போதே எடுத்து வையுங்கள். பெயர் எழுத்துக்கூட்டல் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் பெறுபேற்றுத் தாளிலும் கடவுச்சீட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஆட்களுக்கு அப்பாவின் பெயர் முன்னும் பின்னும் மாறி வந்து படும் பாடு கொஞ்சமில்லை.

புரொபசருக்கு என்னெண்டு எழுதுறது? நான் அறுபது பேருக்கு அனுப்பினன், ஒருதரும் பதில் போடேல்லை.

அறுபது பேருக்கும் ஒரே கடிதம் போயிருக்கும். அதுதான் காரணம்.

நான் இப்போது மறுபக்கத்தில் இருக்கிறேன். எனக்கும் அப்படிக் கடிதங்கள் வருகின்றன. "மதிப்புக்குரிய ஐயா" என்று தொடங்கும். நான் பெண் என்பதைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். பிறகு உங்களுடைய உலகப் புகழ்பெற்ற ஆய்வு, நான் கடின உழைப்பாளி, சிறுவயது முதல் விஞ்ஞானத்தில் ஆர்வம். இதில் எனக்கு உதவும் தகவல் ஒன்றுமில்லை.

ஆறு பேரைத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொருவருடைய கடைசி மூன்று வருடக் கட்டுரைகளில் ஒன்றை முழுதாக வாசியுங்கள். விளங்காத இடத்தைக் குறித்து வையுங்கள். பிறகு பேராசிரியர் என்று போட்டு அவருடைய குடும்பப் பெயரை எழுதி நேரே விடயத்துக்கு வாருங்கள். முதல் வரியில் நீங்கள் யார், எந்த ஆண்டு எந்தத் தவணைக்கு இடம் தேடுகிறீர்கள். அடுத்த மூன்று வரியில் நீங்கள் செய்த ஒரு வேலை: என்ன கேட்டீர்கள், எப்படி அளந்தீர்கள், என்ன வந்தது. அதற்குப் பிறகு அவருடைய கட்டுரையில் நீங்கள் பிடித்த ஒரு குறிப்பான இடம், அதைப் பற்றி ஒரு கேள்வி. கடைசியில் அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். எல்லாம் சேர்த்து இருநூறு சொல்லுக்குள். சுயவிபரக் கோவை இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம், அதில் ஏ.எல். இசட் புள்ளியும் மாணவ தலைவர் சின்னமும் தேவையில்லை.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு தடவை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம். எனக்கு ஆறில் இரண்டு பதில் வந்தது. ஒன்று "பணம் இல்லை" என்று. மற்றது என் வாழ்க்கை.

சிபாரிசுக் கடிதம் கேட்டா, "நீரே எழுதிக்கொண்டு வாரும், கையெழுத்து வைக்கிறன்" எண்டு சேர் சொல்லுறார்.

இது எங்கள் நாட்டில் நடக்கிறது. நீங்களே எழுதாதீர்கள். நேர்மைப் பிரச்சினை முதலாவது. இரண்டாவது, மூன்று கடிதமும் ஒரே கையால் எழுதப்பட்டது வாசிக்கிறவருக்குப் பிடிபடும். அதற்குப் பதிலாக ஒரு பக்கத் தாள் தயாரித்துக் கொடுங்கள்: அவரிடம் எந்தப் பாடம் எடுத்தீர்கள், என்ன செயற்திட்டம், அதில் நடந்த ஒரு குறிப்பான சம்பவம், விண்ணப்பிக்கும் இடங்கள், கடைசித் திகதிகள். "சேர், உங்களுக்கு நேரம் மிச்சமாகும்" என்று பணிவாகக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்துத் தாங்களே எழுதுவார்கள். ஜிமெயிலுக்குப் பதிலாகப் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து அனுப்பும்படி கேளுங்கள். சில இடங்களில் மற்றதை ஏற்பதில்லை.

ஜிஆர்ஈ, ஐஈஎல்டிஎஸ் எல்லாம் எடுக்கத்தான் வேணுமோ?

பட்டமேற்படிப்புக்கான பொதுப் பரீட்சையான ஜிஆர்ஈயைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. நீங்கள் போடும் துறையின் பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எடுத்தால் ஐந்து வருடம் செல்லும். ஆங்கிலப் பரீட்சையான ஐஈஎல்டிஎஸ் இரண்டு வருடம் செல்லும். ரியூசனுக்கு ஆறு மாதம் போகத் தேவையில்லை. பேசும் பகுதியில்தான் எங்கள் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், அதற்கு மட்டும் ஒரு துணையோடு பயிலுங்கள்.

எந்த நாடு நல்லது?

ஆள் பார்த்துத் தெரிவு செய்யுங்கள், நாடு பார்த்து அல்ல. இருந்தாலும் சில விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் நான்கு வருட இளமாணியோடு நேரே பிஎச்டிக்குப் போகலாம். ஐந்து, ஆறு வருடம் எடுக்கும். முதல் இரண்டு வருடம் பாடங்களும் தகுதிப் பரீட்சையும். அடித்தளம் பலவீனம் என்று நினைப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் மூன்றரை, நான்கு வருடத்தில் முடியும், ஆனால் முதல் நாளே ஆய்வுக்குள் குதிக்க வேண்டும். அவுஸ்திரேலிய அரசின் ஆய்வுப் பயிற்சித் திட்டப் புலமைப்பரிசில் வெளிநாட்டு மாணவருக்கும் உண்டு. பிரித்தானியாவுக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசில் இருக்கிறது. அங்கே சில பொறியியல் துறைகளுக்கு விசாவுக்கு முன் ஏட்டாஸ் என்ற பாதுகாப்பு அனுமதி எடுக்க வேண்டும். இலங்கையருக்கு அதில் விலக்கில்லை, சில வாரங்கள் பிடிக்கும்.

ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலைக் கொழும்புத் தூதரகம் ஊடாகவும் எடுக்கலாம், பல்கலைக்கழகம் ஊடாகவும் எடுக்கலாம். கட்டணம், விமானச் சீட்டு, மாதக் கொடுப்பனவு எல்லாம் அதற்குள் அடங்கும். நிலநடுக்கம், பொருள் விஞ்ஞானம், ரோபோ என்று வேலை செய்கிறவர்கள் இதைப் பார்க்காமல் விடக்கூடாது. மேற்பார்வையாளரின் சம்மதம் முன்பே இருந்தால் மிக நல்லது. ஹொங்கொங்கின் பிஎச்டி புலமைப்பரிசில் திட்டத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து போடுகிறவர்கள் மிகக் குறைவு. ஏனென்று எனக்கு விளங்கவில்லை. முதுமாணி மட்டும் போதும் என்றால் ஐரோப்பாவின் எரஸ்மஸ் முன்டஸ் கூட்டு முதுமாணிகளைப் பாருங்கள்: இரண்டு, மூன்று நாட்டில் படிப்பு, மாதம் 1,400 யூரோ உதவித்தொகை.

விசா நேர்முகத்தில யாழ்ப்பாணம் எண்டு சொன்னா பிரச்சினையோ?

ஊரை மறைக்க ஒரு காரணமும் இல்லை. அவர்கள் கேட்பது என்ன ஆய்வு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம், யார் பணம் தருகிறார்கள். உங்கள் ஆய்வை அம்மாவுக்கு விளங்குகிறமாதிரி மூன்று வசனத்தில் சொல்லப் பழகுங்கள். பொறியியல் துறைகளில் சிலருக்கு மேலதிக பரிசீலனை என்று வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இழுபடும். அது மறுப்பு அல்ல. ஆய்வுச் சுருக்கமும் சுயவிபரமும் கேட்டால் உடனே அனுப்பிவிட்டுப் பேராசிரியருக்கும் அறிவியுங்கள்; தொடக்கத்தைப் பின்தள்ள அவரால் முடியும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் தூதரகத்தின் பக்கத்தைத் தவிர வேறு யாருடைய சொல்லையும் நம்பிப் பயணச் சீட்டு வாங்க வேண்டாம்.

பிள்ளை, பெட்டைப்பிள்ளையைத் தனிய விடலாமோ? கலியாணம் கட்டி அனுப்பினா நல்லமெல்லோ? (ஓர் அம்மா)

அம்மா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. என் அம்மாவும் இதே விறாந்தையில் இதே கேள்வியைக் கேட்டவ. நான் சொல்லக்கூடியது: ஆய்வு மாணவர் குடியிருப்பு, பல்கலைக்கழக மருத்துவ நிலையம், இரவில் ஆய்வுகூடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடும் வாகனம் எல்லாம் பல இடங்களில் உண்டு, போகும் இடத்தில் இருக்கிறதா என்று முன்பே கேட்டு எழுதி வாங்கலாம். அவசரத்தில் பேசி முடிக்கும் கலியாணத்தால் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகளின் அனுமதிக் கடிதம் மேசை லாச்சியிலேயே காலாவதியாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். மகள் கலியாணம் கட்டத்தான் போகிறா. அனுமதி மட்டும் ஒரு வருடத்துக்குத்தான் நிற்கும்.

போன பிறகு எது கஷ்டம்? குளிரோ, சாப்பாடோ?

கேள்வி கேட்பது.

குளிருக்கு ஜக்கெற் இருக்கிறது. சாப்பாட்டுக்கு யூரியூப் இருக்கிறது. ஆனால் எங்களைப் பள்ளிக்கூடத்திலும் ரியூசனிலும் பன்னிரண்டு வருடம், சரியான விடை தெரிந்தால் மட்டும் வாய் திறக்கப் பழக்கியிருக்கிறார்கள். கடந்தகால வினாத்தாளில் எங்களை வெல்ல ஆளில்லை. ஆய்வில் கடந்தகால வினாத்தாள் கிடையாது. கிழமைக்கு ஒருநாள் குழுக் கூட்டத்தில் நான் ஆறு மாதம் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். பேராசிரியர் சொல்வது விளங்காவிட்டாலும் "ஓம்" என்பேன். மரியாதை என்று நினைத்தேன். அவர் எனக்கு ஆர்வமில்லை என்று நினைத்தார். ஒருநாள் கூப்பிட்டு, "நான் சொல்வதில் பிழை ஒன்றைக்கூட நீ இதுவரை கண்டுபிடிக்கவில்லை, அது என்னைக் கவலைப்படுத்துகிறது" என்றார். அறைக்கு வந்து அழுதேன். அடுத்த கிழமை ஒரு சமன்பாட்டின் எல்லை நிபந்தனையைப் பற்றிக் கேட்டேன். அது உண்மையிலேயே பிழையாக இருந்தது.

இன்னொரு பழக்கம், வேலை முடியும்வரை காட்டாமல் வைத்திருப்பது. அரைகுறையான வரைபடத்தை, ஓடாத நிரலை, அப்படியே கொண்டு போங்கள். எழுதுவதையும் முதல் வருடமே தொடங்குங்கள். தினமும் அரை மணித்தியாலம், ஆய்வுக் குறிப்பேட்டில், திகதி போட்டு. பரிசோதனை பிழைத்த நாளில் கட்டாயம்.

மேற்பார்வையாளர் சரியில்லாட்டி?

எனக்கு நடந்தது. நான் முதலில் சேர்ந்த ஆய்வுகூடத்தில் பதினான்கு மாதம் மற்றவர்களுடைய மாதிரிகளை அளந்து கொடுத்தேன். என் பெயரில் ஒன்றும் இல்லை, கேட்டால் கோபம். மாறினால் விசா போய்விடும் என்று பயந்து இருந்தேன். அது பிழையான பயம். துறையின் பட்டதாரிக் கற்கை இணைப்பாளரிடமும் சர்வதேச மாணவர் அலுவலகத்திடமும் கதைத்தபோது, புதிய மேற்பார்வையாளரும் நிதியும் உறுதியானால் அதே பல்கலைக்கழகத்துக்குள் மாறலாம் என்று தெரிந்தது. ஒழுங்கு முக்கியம்: முதலில் புதிய இடத்தை உறுதிப்படுத்துங்கள், பிறகு பழையவரிடம் சொல்லுங்கள்.

சேர முன்னரே அவருடைய தற்போதைய மாணவர் இருவரோடு தனியே கதையுங்கள். கடைசி ஐந்து மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கலியாணத்துக்கு எவ்வளவு விசாரிப்போம்? அதில் பாதி விசாரியுங்கள்.

சொந்தக்காரர் "இன்னும் படிக்கிறாளோ" எண்டு கேக்கினம். என்ன சொல்லுறது?

"வேலை செய்கிறேன், சம்பளம் வருகிறது" என்று சொல்லுங்கள். அது உண்மை. வீட்டுக்குக் காசு அனுப்புவதென்றால் முதல் வருடம் அனுப்ப வேண்டாம். ஒரு மாத வாடகையைக் கையிருப்பாகச் சேர்த்த பிறகு அனுப்புங்கள்.

முடிச்சிட்டுத் திரும்பி வரலாமோ? வந்து என்ன செய்யிறது?

வரலாம். துரைராஜா வந்தார், பேராதனையில் கற்பித்தார், பீடாதிபதியாக இருந்தார், பிறகு யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அரச புலமைப்பரிசில் சிலவற்றில் திரும்பி வரவேண்டும் என்ற நிபந்தனையே உண்டு, கையெழுத்து வைக்க முன் வாசியுங்கள். நான் இன்னும் திரும்பவில்லை. வருடத்தில் ஒரு மாதம் வந்து பழைய கிணறுகளை அளக்கிறேன், இரண்டு இளமாணி மாணவரைத் தூரத்திலிருந்து மேற்பார்க்கிறேன். இது போதாது என்று எனக்குத் தெரியும்.

வீட்டில இருந்து என்ன கொண்டு போகலாம்?

வறுத்து இடித்த கறித்தூள், ஒடியல் மா, ஒரு சின்ன இடியப்ப உரல். இறைச்சி, மீன் கருவாடு வேண்டாம். அவுஸ்திரேலியாவென்றால் உணவு எல்லாவற்றையும் படிவத்தில் அறிவியுங்கள். பெறுபேற்றுத் தாளின் முத்திரையிட்ட பிரதிகள் மூன்று, கைப்பையில்.

இறுதியாண்டுச் செயற்திட்டத்தின் குறிப்புப் புத்தகத்தையும் எடுத்து வையுங்கள். அச்சடித்துக் கட்டிய அறிக்கையை அல்ல. கிணற்றடியில் நின்று எழுதிய, மை பரவிய அந்தப் புத்தகத்தை. இரண்டாவது பேராசிரியரின் அறைக்கு நான் போன முதல் நாள் அவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, "மூலத் தரவு இருக்கிறதா?" என்று கேட்டார். என்னுடையது கோண்டாவிலில், அம்மாவின் அலுமாரிக்குள் இருந்தது. அண்ணா ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பி முடிக்க இரண்டு இரவு போனது.